ஏ9: திறந்து வைப்பதோடு கடமை முடிவதில்லை

கண்டியில் தொடங்கி யாழ்ப்பாணத்தில் முடியும் ஏ9 வீதியின் நீளம் ஏறத்தாழ 320 கிலோமீற்றர். கட்டுகஸ்தோட்டையில் மகாவலியைக் கடந்து வடக்கு நோக்கி ஏறும் அவ்வீதி, அதிக தூரம் போகுமுன்பே அக்குறணை நகரில் தண்ணீருக்குள் இறங்கிவிடுகிறது. நகரினூடாகப் பாயும் பிங்கா ஓயாவின் மேற்பகுதியில் சில மணி நேரம் அடைமழை பெய்தால் போதும். நகரின் நடுவே எது வீதி, எது ஓயா என்று தெரியாது. யாழ்ப்பாணத்துக்குப் புறப்பட்ட பஸ் அங்கே நிற்கிறது. மாத்தளைப் பக்கமிருந்து கண்டி வைத்தியசாலைக்கு நோயாளியை ஏற்றிவரும் அம்பியூலன்ஸ் வண்டியும் அங்கேதான் நிற்கிறது. என்றோ ஒருநாள் நேர்ந்துவிட்ட விபத்தென்று இதைச் சொல்ல முடியாது. மழைக்காலந்தோறும் ஊர் எதிர்பார்த்துக் காத்திருக்கும் ஒன்றாக இது ஆகிவிட்டது.

அக்குறணைக் கடைக்காரர்கள் இதற்கென ஒரு பழக்கத்தையே உண்டாக்கிக்கொண்டார்கள். வானம் இருண்டதும் கீழ்த் தட்டுச் சாமான்கள் மேல் தட்டுக்கு ஏறுகின்றன. கணக்குப் புத்தகமும் காசுப்பெட்டியும் மாடிக்குப் போகின்றன. இரும்புக் கதவை இறக்கி, அதன் அடியில் மண்மூட்டை அடுக்குகிறார்கள். வெள்ளம் வடிந்ததும் சுவரில் சேறு ஒரு கோடு கிழித்துவிட்டுப் போயிருக்கும். மறுநாள் முழுக்கக் கழுவல். ஊறிய அரிசியும் இறுகிய சீமெந்தும் வாசலில் குவிந்து கிடக்கும். அதன் பின் நட்டஈட்டுக்கு ஒரு விண்ணப்பம், அதிகாரிகளோடு ஒரு கூட்டம், ஒரு வாக்குறுதி. பிறகு அடுத்த மழை. பழகிப்போயிற்று என்பதால் ஒரு தவறு தவறில்லாமல் போய்விடாது. பழக விட்டதே இங்கு முதற் குற்றம்.

காரணம் மறைபொருளன்று. மழை நீர் பாய்வதற்கென்று ஓயாவுக்கு ஓர் அகலம் இருந்தது. இரு கரைகளிலும் கட்டடங்கள் நெருங்கி வந்து அந்த அகலத்தைத் தின்றுவிட்டன. சில இடங்களில் தூண்கள் ஓயாவின் படுக்கையிலேயே நிற்கின்றன. மேலே மலைச்சரிவுகளில் காடும் தோட்டமும் வெட்டப்பட்டு வீடுகள் எழுந்ததால், முன்பு மண்ணுக்குள் இறங்கிய நீர் இப்போது கூரைகளிலிருந்தும் கொங்கிறீற்று முற்றங்களிலிருந்தும் நேரே ஓயாவுக்கு ஓடிவருகிறது. குப்பையும் வண்டலும் சேர்ந்து படுக்கை மேடாகிவிட்டது. வீதியின் குறுக்கே நீரைக் கடத்தும் மதகுகளோ, இவ்வளவு நீர் வரும் என்று எவரும் எண்ணாத காலத்தில் கட்டப்பட்டவை. இதை அறிய ஒரு புதிய ஆய்வு தேவையில்லை. ஆய்வுகள் நடந்திருக்கின்றன, குழுக்கள் வந்து பார்த்திருக்கின்றன. ஓயாவின் ஒதுக்கு நிலத்தை மீட்கவேண்டும் என்ற பேச்சு ஒவ்வொரு ஆட்சியிலும் எழுந்து அடங்கியிருக்கிறது.

இங்கு நாம் நம்மவர்களிடமே முதலில் பேசவேண்டியிருக்கிறது. ஓயாவின் நிலத்தில் தூண் நாட்டியவர் அயலூரார் அல்லர். கடையின் பின்சுவரைப் பத்தடி தள்ளிக் கட்டியவர், வடிகானை மூடி அதன்மேல் படிக்கட்டு எழுப்பியவர், மாலையில் கடையடைக்கும்போது கழிவுப் பையை ஓயாவுக்குள் எறிந்தவர், எல்லாரும் இந்த நகரத்தவர்களே. அவர்களிற் பலர் தொழுகை தவறாதவர்கள். தானதர்மத்தில் கை நீளமானவர்கள். ஊருக்கு ஒரு துன்பம் என்றால் முன்னிற்பவர்கள். ஆனால் பாதையில் கிடக்கும் இடையூறை அகற்றுவது ஈமானின் கிளைகளுள் ஒன்று என்று பள்ளிவாசலில் கேட்டு வளர்ந்த ஓர் ஊர், வடக்கே போகும் பாதைக்குத் தானே இடையூறாகி நிற்பதை எந்த நியாயத்தாலும் மூடிவிட முடியாது. பத்தடி நிலம் ஒருவருக்கு இலாபமாகலாம். அந்தப் பத்தடியின் விலையைக் கொடுப்பவர் யாரென்றால், வெள்ளத்தில் கடையை இழக்கும் அடுத்த வீட்டுக்காரரும், பேராதனையில் பரீட்சைக்குப் போய்ச்சேர முடியாத சாவகச்சேரி மாணவியும், தம்புள்ளைச் சந்தைக்கு மரக்கறி ஏற்றி வழியில் வாடவிடும் லொறிக்காரருமாவர்.

ஆயினும் ஆக்கிரமித்தவரைச் சுட்டிவிட்டு அதிகாரம் தப்பிவிட நாம் இடமளிக்க மாட்டோம். சட்டவிரோதக் கட்டடம் ஓரிரவில் முளைப்பதில்லை. அத்திவாரம் வெட்டும்போது அதைப் பார்த்த அதிகாரி ஒருவர் இருந்தார். மின்னிணைப்புக் கொடுத்தவர் ஒருவர் இருந்தார். வரிப்பணம் வாங்கிய அலுவலகம் ஒன்று இருந்தது. ஓயா நீர்ப்பாசனத் திணைக்களத்துக்குரியது, வீதி வீதி அபிவிருத்தி அதிகார சபைக்குரியது, குப்பையும் கட்டட அனுமதியும் பிரதேச சபைக்குரியவை என்று பொறுப்பு மூன்றாகப் பிரிந்து கிடக்கிறது. வெள்ளத்துக்கு இந்தப் பிரிவினை தெரியாது. ஒவ்வோர் அலுவலகமும் மற்றதைக் கைகாட்டும்போது, கோப்பு மட்டும் மூன்று மேசைகளையும் சுற்றிவருகிறது. மூன்று நிறுவனங்களும் ஒரே மேசையில் அமர்ந்து ஒரு மதகைக்கூடச் சேர்ந்து துப்புரவு செய்ய முடியாதென்றால், அவற்றின் தனித்தனி அதிகாரங்களால் மக்களுக்கு என்ன பயன் என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு.

வீதி எப்படிச் சாகிறது என்பதைக் கிட்ட நின்று பார்த்தால், இந்த அலட்சியத்தின் முழு எடையும் புரியும். மதகின் வாயில் முதலில் ஒரு சீமெந்துப் பை வந்து சிக்குகிறது. அதன்மேல் தேங்காய் மட்டை, பொலித்தீன், மரக்கொப்பு. தண்ணீர் போக வழியின்றி வீதியோரம் தேங்குகிறது. தேங்கிய நீர் காபெட்டின் ஓரத்தில் இருக்கும் மயிர்க்கோடு போன்ற வெடிப்புக்குள் இறங்கி, அடியிலுள்ள கல்லையும் சரளையையும் நனைக்கிறது. அதன்மேல் ஒரு பாரலொறி ஏறும்போது, சக்கரத்தின் அழுத்தத்தில் கீழேயுள்ள சேறு வெடிப்பு வழியாகக் கொப்பளித்து மேலே வருகிறது. ஒவ்வொரு சக்கரமும் ஒரு கரண்டி மண்ணை வெளியே கொண்டுவருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலே கறுப்பாக மினுங்கும் காபெட்டின் கீழே வெற்றிடம் வளர்கிறது. ஒருநாள் காலை அங்கே குழி விழுந்திருக்கும். அன்றைக்கு வீதி கெட்டது என்கிறோம். ஆனால் அது கெட்டது மதகில் பை சிக்கிய நாளில்.

அந்த நாளில் ஒரு மண்வெட்டியும் இரண்டு தொழிலாளரும் அரை நாளும் போதுமாயிருந்தன. குழி விழுந்த பின் தாரும் கல்லும் உருளை இயந்திரமும் வேண்டும். அதையும் தள்ளிப்போட்டால், அந்தத் துண்டையே அடியோடு கிளறிப் புதிதாகப் போடவேண்டும். பராமரிப்பை மூன்று ஆண்டுகள் தள்ளினால் செலவு ஆறு மடங்காகும், ஐந்து ஆண்டுகள் தள்ளினால் பதினெட்டு மடங்காகும் என்று தென்னாபிரிக்காவின் தேசிய வீதி நிறுவனம் கணக்கிட்டது. வீதி ஆட்சியாளர்கள் உலகெங்கும் மேற்கோள் காட்டும் கணக்கு அது. நம் நாட்டிலோ பணம் குறைந்தவுடன் முதலில் வெட்டப்படுவது பராமரிப்புத்தான். குழி விழாத வீதிக்கு எவரும் திறப்பு விழா நடத்துவதில்லை. துப்புரவான மதகின் முன் எவரும் நாடா வெட்டுவதில்லை. வீதிப் பராமரிப்புக்கென்றே ஒரு நம்பிக்கை நிதியம் 2000களின் நடுப்பகுதியில் அமைக்கப்பட்ட நாடு இது. அப்படியிருந்தும் பராமரிப்பு இன்றுவரை மிஞ்சிய காசில் நடக்கும் வேலையாகவே இருக்கிறது.

பாரம் ஏற்றுபவர்களையும் இங்கே விட்டுவிட முடியாது. 1958 முதல் 1960 வரை அமெரிக்காவின் இலினோய் மாநிலத்தில் நடந்த பெரும் வீதிச் சோதனையிலிருந்து பொறியியலாளர்கள் கற்ற விதி இது: அச்சொன்றின் மீதான பாரம் இரு மடங்கானால், வீதிக்கு நேரும் சேதம் இரண்டு மடங்காவதில்லை, ஏறத்தாழப் பதினாறு மடங்காகிறது. மணலும் கருங்கல்லும் அளவுக்கு மீறி ஏற்றிச் செல்லும் ஒரு டிப்பர், ஆயிரக்கணக்கான கார்கள் சேர்ந்து செய்ய முடியாத கேட்டை ஒரே ஓட்டத்தில் செய்துவிடுகிறது. அந்த டிப்பரை நிறுத்தி எடை பார்க்க வேண்டியவர் பார்க்காமல் விடும்போது, இழக்கப்படுவது அபராதத் தொகை மட்டுமன்று. பொதுச் சொத்தொன்று அவர் கண்முன்னே களவு போகிறது.

ஏ9 வெறும் ஒரு வீதியாக இருந்திருந்தால், இதைப் பொறியியல் செய்தியாக எழுதி முடித்திருக்கலாம். இந்த நாட்டில் வேறெந்த வீதிக்கும் இல்லாத வரலாறு இதற்கு உண்டு.

1848இல் ஆங்கிலேய ஆட்சி கொண்டுவந்த வீதிச் சட்டம், வயதுவந்த ஒவ்வோர் ஆணும் ஆண்டுக்கு ஆறு நாள் வீதி வேலை செய்யவேண்டும், அல்லது மூன்று சிலிங் கட்டவேண்டும் என்றது. அந்த ஆண்டு மாத்தளையில் வெடித்த கிளர்ச்சிக்கு அதுவும் ஒரு காரணம். அதே காலத்தில் மன்னாரில் இறங்கிய தென்னிந்தியத் தொழிலாளர் மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை வழியாகக் காட்டுக்குள் நடந்து மாத்தளைக் கோப்பித் தோட்டங்களை அடைந்தார்கள். கொலராவும் காய்ச்சலும் பசியும் அவர்களை வழிநெடுகச் சாய்த்தன. அந்த நடையை நினைவுகூர்ந்து மலையக மக்களும் நண்பர்களும் 2023 ஜூலை இறுதியில் தலைமன்னாரிலிருந்து புறப்பட்டு, ஓகஸ்ட் 12ஆம் திகதி மாத்தளையை வந்தடைந்தார்கள். அவர்கள் நடந்த பாதையில் மதவாச்சியிலிருந்து மாத்தளை வரையான பகுதி இன்றைய ஏ9. அதன் ஓரத்தில் எத்தனை பேர் புதைந்திருக்கிறார்கள் என்பதற்கு ஒழுங்கான பதிவேடு இல்லை.

பிறகு போர். 1990 ஒக்ரோபரில் யாழ்ப்பாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்களிற் பல தெற்கு நோக்கி வந்த வழியிலும் இவ்வீதி இருந்தது. வீதி மூடப்பட்ட காலத்தில் யாழ்ப்பாணத்து மக்கள் உயிரைக் கையிற் பிடித்துக்கொண்டு கிளாலிக் கடல்நீரேரியைப் படகில் கடந்தார்கள். 1997இல் தொடங்கிய 'ஜயசிக்குறு' இராணுவ நடவடிக்கை, வவுனியாவுக்கு வடக்கே இந்த வீதியைத் திறப்பதற்கென்றே நடந்தது. இரு தரப்பிலும் ஆயிரக்கணக்கானோர் மாண்டும் அது திறக்கவில்லை. 2002 போர்நிறுத்தத்தின் பின் திறந்தது. 2006 ஓகஸ்டில் மீண்டும் மூடியது. போர் முடிந்த 2009இலேயே பொதுமக்கள் மறுபடி மெல்ல மெல்ல அதில் பயணிக்கத் தொடங்கினர். ஓமந்தைச் சோதனைச் சாவடி அகற்றப்பட 2015 ஆயிற்று. பையை அவிழ்த்துக் காட்டி, அடையாள அட்டையை நீட்டி, வரிசையில் நின்று அந்த இடத்தைக் கடந்த ஒரு தலைமுறை இன்னும் நம்மிடையே இருக்கிறது. அவர்களுக்கு ஏ9 திறந்திருப்பது சாதாரணச் செய்தியன்று.

இத்தனை உயிர்களை விலையாகக் கொடுத்துத் திறக்கப்பட்ட ஒரு வீதியை, துப்புரவு செய்யாத மதகும் தூக்காத குப்பையும் மூடுவதை நாம் மன்னிக்கத் தயாரில்லை.

போருக்குப் பின் வடபகுதி ஏ9 சீன எக்சிம் வங்கியின் கடனில் புதுப்பிக்கப்பட்டது. குண்டும் குழியுமாய்க் கிடந்த வீதி அகன்று மினுங்கியபோது வன்னி மக்கள் மகிழ்ந்தது நியாயமே. ஆனால் அந்தப் பணம் நன்கொடையன்று. 2022 ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாதென்று கைவிரித்தபோது, அக்கடன்களும் அந்தக் கணக்கில் இருந்தன. 2024 ஜூனில் எக்சிம் வங்கியோடு மறுசீரமைப்பு உடன்படிக்கை கைச்சாத்தாகி, திருப்பிச் செலுத்தும் காலம் நீட்டப்பட்டது. வீதியின் ஆயுள் முடிந்த பின்னும் கடனின் ஆயுள் தொடரும் என்பதுதான் இதன் பொருள். இன்று பாடசாலைக்குப் போகும் பிள்ளை நாளை அந்தக் கடனைக் கட்டும்போது, அப்பிள்ளையின் காலடியில் ஒரு வீதி உருப்படியாக இருக்கவேண்டாமா? கடன் வாங்கிக் கட்டிய ஒன்றைப் பராமரிக்காமல் அழிய விடுவதும், பிறகு அதைத் திருத்த மறுபடி கடன் கேட்பதும், வருங்காலத் தலைமுறையிடமிருந்து இருமுறை எடுப்பதாகும்.

வன்னி நெடுகிலும் உள்ள நிலைமை வேறு வகையானது. அங்கே தண்ணீரை விட, வெறுமையும் வேகமுமே ஆபத்து. வவுனியாவைக் கடந்தால் புளியங்குளம், மாங்குளம் வரை வீதி நேராகவும் இருளாகவும் ஓடுகிறது. இரவில் சூட்டுக்காக வீதியில் வந்து படுக்கும் மாடுகளில் மோதி இறந்தோர் பலர். விளக்கில்லாமல் ஓரத்தில் நிறுத்திய உழவு இயந்திரம், நேரம் பிடிக்க ஒன்றையொன்று முந்தும் தனியார் பஸ், அறுவடைக் காலத்தில் வீதியோரம் காயும் நெல். இவை ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு தேவை இருக்கிறது. மாட்டுக்கு மேய்ச்சல் தரை இல்லை. நெல் காயவைக்கக் களம் இல்லை. அவற்றைக் கொடுக்காமல் விவசாயியைத் திட்டுவது எளிது. மாடு வளர்ப்போர் அவற்றை இரவில் கட்டிவைக்க வேண்டும் என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் பிரதேச சபைகள் மேய்ச்சல் தரைகளையும் களங்களையும் ஒதுக்கிக் கொடுத்த பின்னரே அந்த வார்த்தைக்கு முழு நியாயம் கிடைக்கும். வேகத்துக்கு அத்தகைய சாக்குக்கூட இல்லை. பயணிகள் ஐம்பது பேரின் உயிரை ஏற்றிக்கொண்டு பந்தயம் ஓடும் சாரதியும், அவரை அந்த நேர அட்டவணைக்குள் நெருக்கும் உரிமையாளரும் ஒரே குற்றத்தின் பங்காளிகள்.

தொலைதூர வடக்கு வீதிகளைப் பேணுவது உலகில் எங்கும் இலகுவானதன்று. 1942இல் போர் அவசரத்தில் சில மாதங்களிலேயே வெட்டித் திறக்கப்பட்ட அலாஸ்கா நெடுஞ்சாலை, எண்பது ஆண்டுகள் கழிந்த பின்னும் ஒவ்வொரு கோடையும் திருத்தப்படுகிறது. அடியிலுள்ள உறைநிலம் இளகி வீதி அமிழ்ந்துகொண்டேயிருக்கிறது. ஆட்கள் வந்து அதை நிமிர்த்திக்கொண்டேயிருக்கிறார்கள். ஊர்கள் அரிதான, பனி மூடிய பகுதியில் முடிகிற ஒன்று, ஊரும் சந்தையும் பாடசாலையும் நெருங்கிய கண்டி மாவட்டத்தில் முடியாதா?

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் கொண்டுவந்த மழை இந்தக் கேள்விக்கு இரத்தத்தில் பதில் எழுதியது. நாடு முழுவதும் 600க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். மிக அதிகமாக இழந்தது கண்டி மாவட்டம். அக்குறணை நீரில் மூழ்கியது. அதை அடுத்த அலவத்துகொடைப் பக்கத்தில் மலை சரிந்து வீடுகளைக் குடும்பங்களோடு மூடியது. நாட்டுக்கு நேர்ந்த நேரடிச் சேதத்தை உலக வங்கி 4.1 பில்லியன் டொலர் என மதிப்பிட்டது. அத்தகைய மழையை எந்த மதகும் முழுமையாகத் தாங்கியிராது என்பதை நாம் ஒப்புக்கொள்கிறோம். ஆனால் இயற்கையின் பங்கைச் சொல்லி மனிதரின் பங்கை மறைக்க முடியாது. மலையடிவாரத்தைச் செங்குத்தாக வெட்டி வீடு கட்ட அனுமதித்தது மழையன்று. சரிவு அபாயம் உள்ள இடங்களைத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வரைபடமாகவே தந்திருந்தும், அதை இலாச்சிக்குள் வைத்தது மழையன்று. அன்றிரவு மீட்புக்குப் போன இளைஞர்கள், இனம் மதம் பாராமல் மண்ணைக் கையாற் கிளறினார்கள். அவர்களுக்கு முன்னால் இயந்திரம் வந்துசேர வழி இருந்திருக்க வேண்டும். வீதி திறந்திருப்பது உயிர் காக்கும் விடயம் என்பதை அதைவிடத் தெளிவாக எவரும் சொல்லிவிட முடியாது.

புயலுக்குப் பின் பாலங்கள் திருத்தப்பட்டன, மண் அகற்றப்பட்டது, வீதிகள் திறந்தன. இரவுபகலாக உழைத்த தொழிலாளருக்கும் பொறியியலாளருக்கும் இந்த நாடு கடன்பட்டிருக்கிறது. ஆனால் திறந்ததும் வேலை முடிந்தது என்ற பழைய மனநிலை மறுபடி தலைகாட்டுவதைக் காண்கிறோம். மத்திய அதிவேக நெடுஞ்சாலையின் தடைப்பட்ட பகுதி 2025 செப்டெம்பரில் மீளத் தொடங்கப்பட்டது. அதை நாம் எதிர்க்கவில்லை. கண்டிக்கு அது வேண்டும். இருக்கின்ற வீதியின் வடிகானுக்குக் காசில்லை என்று சொல்லும் வாயால் புதிய வீதியின் கோடிகளை அறிவிப்பதைத்தான் ஏற்க முடியவில்லை.

கண்டியிலிருந்து மாத்தளை எல்லை வரை ஏ9இல் உள்ள ஒவ்வொரு மதகுக்கும் ஓர் எண் இருக்கவேண்டும். கடைசியாக அது எப்போது துப்புரவு செய்யப்பட்டது, அடுத்து எப்போது, யார் பொறுப்பு என்பதை வீதி அபிவிருத்தி அதிகார சபை பிரதேச சபை அலுவலகச் சுவரிலும் பள்ளிவாசல், விகாரை, கோவில் அறிவித்தற் பலகைகளிலும் ஒட்டவேண்டும். பிங்கா ஓயாவின் ஒதுக்கு நிலத்தை அளந்து கல் நாட்டவேண்டும். அந்தக் கல்லுக்கு உள்ளே நிற்கும் கட்டடங்களின் பட்டியலைப் பகிரங்கமாக வெளியிடவேண்டும். செல்வாக்குள்ளவரின் கட்டடத்தை விட்டுவிட்டு ஏழையின் கொட்டிலை மட்டும் உடைத்தால், அதை நாம் பெயர் குறிப்பிட்டே எழுதுவோம். உண்மையாகவே வேறு வழியின்றி அங்கே வாழும் குடும்பங்களுக்கு மாற்றுக் காணியும் நியாயமான நட்டஈடும் கொடுத்த பின்பே அவர்களை எழுப்பவேண்டும். நகரத்து வர்த்தகர்கள் தாமாக முன்வந்து தங்கள் கடைப் படிக்கட்டின் கீழுள்ள வடிகானைத் திறந்துவிட்டால், சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. அந்த முதல் அடியை எடுக்கும் துணிவு அக்குறணைக்கு உண்டு என்று நாம் நம்புகிறோம்.

வடகீழ்ப் பருவமழைக்கு முன்னதான இடைப் பருவ மழை ஒக்ரோபரில் தொடங்கும். அதற்குள் இந்தப் பட்டியல்கள் சுவரில் இருக்கவேண்டும். இல்லாவிட்டால், பொறுப்பான மூன்று நிறுவனங்களின் தலைவர்களும் அக்குறணைக்கு வந்து, மக்கள் முன்னிலையில், ஏன் முடியவில்லை என்று விளக்கமளிக்கவேண்டும்.